கோழி வாங்கும் வாக்கியம்

பாட்டி கதை சொல்லுகையில் பக்கத்திலே படுத்திருக்கும் குழந்தை 'ம்' கொட்டுகிறது. கதை வழக்கமான வழியிலே போய்க்கொண்டிருக்கும் வரையில் அந்த 'ம்' ஒரே மட்டத்தில் தட்டையாக வருகிறது. ராஜகுமாரன் கிணற்றில் விழுந்துவிட்டான் என்றதும் அடியிலிருந்து மேலே தாவிக் கேள்வியாகிறது. அவன் பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்ததும் மேலிருந்து கீழே இறங்கி ஆறுதலோடு அடங்குகிறது. எழுத்து ஒன்றேதான், அதுவும் உயிரேறாத வெறும் மெய். ஆயினும் குரலின் ஏற்றத்தாழ்வு ஒன்றினாலேயே அது மூன்று கருத்துக்களைத் தெரிவித்துவிடுகிறது. நம்முடைய பாஷையில் இந்த வித்தை பேச்சின் ஓரத்தில் நிற்பது. சீன தேசத்தின் தென்கரையில் வழங்கும் காண்டனீஸ் மொழியிலோ இதுவே பேச்சைத் தாங்கும் நடுத்தூண். அங்கே 'ம்' என்னும் மெய்யைக் குரலின் அடிமட்டத்துக்கு இறக்கிச் சொன்னால் அது 'அல்ல', 'இல்லை' என்று பொருள்படும் முழுச்சொல்லாகி, வினைச்சொல்லின் முன்னே நின்று அதை எதிர்மறையாக்கிவிடும்.

மேனாட்டார் காண்டன் என்று வழங்கிவந்த குவாங்சௌ நகரத்தின் பேச்சை ஆதாரமாகக் கொண்டு, குவாங்தொங் மாகாணத்தின் பெரும்பகுதியிலும் ஹாங்காங்கிலும் மக்காவிலும் வழங்கும் இம்மொழி, கப்பலேறிப் போன மக்களோடு கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் சென்று, அங்கெல்லாம் வீட்டு மொழியாகவும் கடைத்தெரு மொழியாகவும் வேரூன்றியிருக்கிறது. பெய்ஜிங் நகரப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட பொதுச்சீனத்தில் நான்கு தொனிகள் உள்ளன, காண்டனீஸில் ஆறு. முதலாவது உயர்ந்த மட்டத்தில் அசையாமல் நிற்பது. இரண்டாவது ஓரளவு தாழ்விலிருந்து உச்சத்துக்கு ஏறுவது. மூன்றாவது நடுமட்டத்தில் நிற்பது. நான்காவது அடிமட்டத்துக்கு இறங்குவது. ஐந்தாவது அடியிலிருந்து சற்றே மேலெழுவது. ஆறாவது தாழ்ந்த மட்டத்தில் நிற்பது. 1993-ஆம் ஆண்டில் ஹாங்காங் மொழியியல் சங்கம் வகுத்த யூட்பிங் என்னும் எழுத்துமுறையில் ஒவ்வோர் அசையின் பின்னும் இத்தொனியின் எண்ணை இடுவது வழக்கம். நாமும் அவ்வாறே இடுவோம். 'ஸீ' என்னும் அசையை எடுத்துக்கொண்டால், ஸீ1 என்பது கவிதை; ஸீ2 சரித்திரம்; ஸீ3 முயன்று பார்த்தல்; ஸீ4 காலம்; ஸீ5 சந்தை; ஸீ6 காரியம்.

இந்த அட்டவணையைக் கண்ட மாத்திரத்திலே, ஆறையும் மனப்பாடம் பண்ணிவிட்டால் மொழி கைவந்துவிடும் என்று கல்வியில் ஆர்வமுள்ளவர் எவரும் எண்ணுவர். அவ்வாறு மனப்பாடம் செய்தவர், ஹாங்காங் வீதியொன்றில் ஒருவர் தனித்து உச்சரிக்கும் 'ஸீ' என்ற ஓரசையைக் கேட்டு, அது முயற்சியா காரியமா என்று சொல்லமாட்டாமல் திகைப்பது உறுதி. பிழை அவருடைய செவியில் இல்லை. ஒன்று, மூன்று, ஆறு ஆகிய மூன்று தொனிகளும் உருவத்தில் ஒன்றுபோலவே தட்டையானவை. அவற்றுக்குள் உள்ள பேதமெல்லாம் உயரத்தில் மட்டுமே. உயரம் என்பதோ எதையேனும் ஒன்றை அடியாகக் கொண்டு அளக்கப்பட வேண்டியது. சாதாரணப் பேச்சில் ஆடவருடைய குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 120 தடவை அதிர்கின்றன. பெண்டிருடையவை 200 தடவைக்கு மேல் அதிர்கின்றன. சிறு குழந்தைகளின் குரலோ இன்னும் மேலே நிற்கிறது. ஆகையால் கட்டைக்குரல் படைத்த ஒரு கிழவர் தம் உச்சத்தில் நின்று சொல்லும் முதல் தொனி, அவருடைய பேத்தி தன் தாழ்ந்த மட்டத்தில் சொல்லும் ஆறாம் தொனியைவிடக் கீழே கிடத்தல் கூடும்.

சங்கீதம் அறிந்தவருக்கு இது விளங்கக் கடினமன்று. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வித்துவான் ஒரேயொரு ஸ்வரத்தைப் பாடி நிறுத்திவிட்டால், அது ரிஷபமா பஞ்சமமா என்று எந்த ரசிகராலும் கூற இயலாது. தம்பூரா மீட்டப்பட்டு ஷட்ஜம் இன்னதென்று காதில் நிலைத்த பின்னரே மற்ற ஸ்வரங்களுக்குப் பெயர் பிறக்கிறது. காண்டனீஸ் பேசுவோர் தம்பூராவைச் சுமந்துகொண்டு திரிவதில்லை. அவர்களுக்குச் சுருதி சேர்த்துக்கொடுப்பது சொல்லைச் சூழ்ந்து வரும் வாக்கியமே. இதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது வொங், டீல் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2003-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை. தட்டைத்தொனிச் சொல் ஒன்றின் பதிவை அணுவளவும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னே ஒலிக்கும் வாக்கியத்தின் சுருதியை மட்டும் உயர்த்தியும் தாழ்த்தியும், காண்டனீஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைக் கேட்கச் செய்தார்கள். முன்வாக்கியம் உயர்ந்தபோது அதே சொல் தாழ்ந்த தொனிச் சொல்லாகவும், முன்வாக்கியம் தாழ்ந்தபோது அதுவே உயர்ந்த தொனிச் சொல்லாகவும் அவர்கள் காதில் விழுந்தது. தொட்டிலிலிருந்து அம்மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கே வாக்கியம் துணை வேண்டியிருக்கும்போது, நேற்றுத் தொடங்கிய மாணாக்கன் தனிச்சொற்களின் ஜாபிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வான்? எடுத்துக்காட்டு வாக்கியம் அர்த்தத்தை விளக்குவதற்காக அகராதிக்காரர் ஒட்டவைக்கும் அலங்காரம் என்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். இம்மொழியில் அது உச்சாரணத்துக்கே ஆதாரமாய் இருக்கிறது.

மொழியியலார் இந்த உண்மையை வேறொரு வாயிலாக முன்னமே அணுகியிருந்தனர். எழுத்தில் இடம்பெறாத தொனி மொழிகளை ஆராயப் புகுவோருக்காகக் கென்னத் பைக் என்னும் அமெரிக்கர் 1948-இல் எழுதிய நூலில், மாறாத வாக்கியச் சட்டகம் ஒன்றை அமைத்துக்கொண்டு அதன் காலியிடத்தில் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பேசச் செய்து, சட்டகத்தின் மட்டத்தோடு ஒப்பிட்டுத் தொனியை அறிய வேண்டும் என்று வழி வகுத்தார். காண்டனீஸுக்கு அத்தகைய சட்டகம் ஒன்றைக் கற்பவர் தாமே செய்துகொள்ளலாம். 'ஙோ5' என்றால் நான். 'யியு3' என்றால் வேண்டும். ஆக 'ஙோ5 யியு3' என்று தொடங்கினால் 'எனக்கு வேண்டும்' என்பது பொருள். யியு3 நடுமட்டத்தில் நிற்பதால் அதுவே ஷட்ஜமாக அமைந்துவிடுகிறது. அதன் பின்னே 'த்ஹோங்' என்னும் அசையை ஒரு படி மேலே நிறுத்தினால் குடிக்கும் சூப்பு கிடைக்கும்; கீழிருந்து ஏற்றினால் மிட்டாய் கிடைக்கும்; அடிமட்டத்துக்கு இறக்கினால் சர்க்கரை கிடைக்கும். பசியோடு உணவுச்சாலைக்குள் நுழைகிறவருக்கு இந்த வேற்றுமை அற்பமானதன்று.

த்ஹோங் என்பதில் ஹகரத்தைச் சேர்த்து எழுதியதற்குக் காரணம் உண்டு. ஸம்ஸ்கிருத வர்க்கங்களில் முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் உள்ள மூச்சு வேற்றுமை காண்டனீஸில் பொருளையே மாற்றும். மூன்றாம் எழுத்தின் கனத்த நாதமோ அங்கே இல்லை. ரோமன் எழுத்தில் 'பி', 'டி', 'ஜி' என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு இங்கிலீஷ் படித்தவர் கனத்து ஒலித்து ஏமாறுவர். தமிழ்ச்சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, த, க ஆகியவையே அங்கு வேண்டியவை. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்தவர் பாக்கியசாலி.

இனி நமது வாக்கியத்துக்கு வருவோம். 'ஙோ5 ஹொய்3 காய்1 ஸீ5 மாய்5 கை1.' நான் சந்தைக்குப் போய்க் கோழி வாங்குகிறேன் என்பது இதன் பொருள். ஹொய்3 போதல், காய்1 தெரு, ஸீ5 சந்தை, இரண்டும் கூடினால் கறிகாயும் மீனும் இறைச்சியும் விற்கும் கடைத்தெரு, மாய்5 வாங்குதல், கை1 கோழி. ஆறு அசைகளே கொண்ட இச்சிறு வாக்கியத்துக்குள் காண்டனீஸ் உச்சாரணத்தின் பாதி இலக்கணம் அடங்கிக் கிடக்கிறது. தெருவுக்கும் கோழிக்கும் தொனி ஒன்றே. வேற்றுமை உயிரின் மாத்திரையில். நெடிலானால் தெரு, குறிலானால் கோழி. இவ்வாறே ஸாம்1 என்பது மூன்று என்னும் எண், ஸம்1 என்பது உள்ளம். மேனாட்டு மாணாக்கர் பலர் இவ்விடத்தில் இடறுவது உண்டு. குறிலும் நெடிலும் தாலாட்டிலேயே பழகிய நமக்கு இது ஓர் இடறலே அன்று. ஆனால் மாய்5 என்பதை அப்படி எளிதாகத் தாண்டிப் போக இயலாது. அடியிலிருந்து சிறிதே எழவேண்டிய அந்த அசையை எழவிடாமல் தாழ்ந்த மட்டத்திலேயே நிறுத்தினால் அது மாய்6 ஆகி, விற்றல் என்று பொருள்பட்டு, கோழி வாங்கப் போனவர் கோழி விற்கப் போனவராகிவிடுவார். தனிச்சொல்லாக நூறு தடவை சொல்லிப் பார்த்தாலும் பிடிபடாத இந்த நுட்பம், முன்னே ஸீ5 என்னும் ஒத்த தொனியும் பின்னே கை1 என்னும் உச்சத்தொனியும் அணைந்து நிற்கையில், படிக்கட்டில் கால் தானாகவே ஏறுவதுபோல நாவில் படிந்துவிடுகிறது.

முதற்சொல்லின் ஙகரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. நம் நெடுங்கணக்கில் அவ்வெழுத்து உண்டெனினும் அதைச் சொல்லின் முதலில் வைத்துச் சொல்லும் பழக்கம் நமக்கில்லை. ஹாங்காங் இளைஞருக்கும் அது வேண்டாததாகிவிட்டது. அவர்கள் 'ஓ5' என்றே சொல்லிவிடுகிறார்கள். 'நெய்5' என்னும் முன்னிலைச் சொல்லையும் 'லெய்5' ஆக்கிவிட்டார்கள். பெரியோர்கள் இதற்கு 'லான்5 யம்1', அதாவது சோம்பேறி ஒலி, என்று பெயரிட்டுக் கண்டிக்கிறார்கள். ஆகவே ஏட்டைப் பார்த்து மட்டும் கற்றவருக்கு வீதிப்பேச்சில் பாதி புரியாமற்போவதில் வியப்பில்லை. நாம் சோம்பலினால் அன்றி அதிக உற்சாகத்தினால் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. ஸிக்6 என்பது உண்ணுதல், ஸப்6 பத்து, பாத்3 எட்டு. இவற்றின் ஈற்று வல்லெழுத்து வாய்க்குள்ளேயே அடைபட்டு நின்றுவிட வேண்டும், காற்று வெளிவரலாகாது. வல்லெழுத்தில் முடியும் அந்நியச் சொல் எதைக் கண்டாலும் ஓர் உகரத்தைச் சேர்த்து அனுப்பும் நமது நாக்கு, 'ஸிக்கு' என்று சொல்லத் துடிக்கும். அடுத்த சொல் உடனே தொடரும் வாக்கியத்தில் வைத்துப் பழகினால், உகரத்துக்கு நுழைய இடமே இராது.

உச்சாரணத்தைவிட்டு அர்த்தத்துக்கு வந்தால் வாக்கியத்தின் தேவை இன்னும் பெருகுகிறது. தா2 என்றால் அடித்தல் என்று சிற்றகராதி கூறும். அதை நம்பிப் புறப்பட்டவர், அங்கே மக்கள் தொலைபேசியை அடிக்கிறார்கள், பந்தை அடிக்கிறார்கள், மாஜோங் அடிக்கிறார்கள், ஊசியை அடிக்கிறார்கள், எழுத்தையும் அடிக்கிறார்கள் என்று அறிந்து மலைப்பார். 'தா2 குங்1' என்றால் வேலையை அடித்தல். கூலிக்கு உழைத்தல் என்பது கருத்து. 'தா2 ஃபுங்1' என்றால் காற்றை அடித்தல். ஆண்டுதோறும் கடலிலிருந்து ஹாங்காங்கைத் தாக்கும் புயல் வீசுகிறது என்பது கருத்து. ஆங்கிலேயருக்கு விசித்திரமாகத் தோன்றும் இப்பிரயோகங்களைக் கண்டு தமிழர் சிரிக்க நியாயமில்லை. நாம் மணி அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், டைப் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். வெயிலும் காற்றும் நம் ஊரில் அடிக்கத்தான் செய்கின்றன. ஒரு வினைச்சொல்லின் பொருள் அகராதியின் முதல் வரியில் குடியிருப்பதில்லை; அது எந்தெந்தப் பெயர்ச்சொல்லோடு கூடி வாழ்கிறதோ அந்தக் கூட்டுறவில் பரவிக் கிடக்கிறது. ஸிக்6 என்பதும் அத்தகையதே: சோற்றை உண்பார்கள், மருந்தை உண்பார்கள், புகையையும் உண்பார்கள்.

இக்கருத்து இன்று நேற்றுப் பிறந்ததன்று. பிரபாகரரைப் பின்பற்றிய மீமாம்சகர்கள், குழந்தை சொற்பொருளை எவ்வாறு அறிகிறது என்று ஆராய்ந்தபோது, வீட்டுப் பெரியவர் ஒருவர் 'பசுவைக் கொண்டுவா' என்கிறார், மற்றவர் கொண்டுவருகிறார். பிறகு 'பசுவைக் கட்டு' என்கிறார், கட்டுகிறார். 'குதிரையைக் கொண்டுவா' என்கிறார், குதிரை வருகிறது. இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிசு, எந்தச் சொல் மாறும்போது எந்தப் பொருள் மாறுகிறது என்று தானே தேர்ந்துகொள்கிறது என்றார்கள். முழு வாக்கியமே முதலில் காதில் விழுகிறது. சொல் பின்னரே அதிலிருந்து பிரிந்து வருகிறது. பைக் வகுத்த சட்டகமும் இந்தப் பசுவும் குதிரையும் ஒரே தொழுவத்தைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நன்றி கூறுவதற்கு அம்மொழியில் இரண்டு சொற்கள் உள்ளன. பரிசுப்பொருள் பெற்றால் 'தோ1 ட்ஸே6' என்பார்கள்; ஒருவர் கதவைத் திறந்துவிட்டாலோ தேநீரைக் கொண்டுவந்து வைத்தாலோ 'ம்4 கோய்1' என்பார்கள். இந்த இரண்டாம் சொல்லையே பணியாளை அழைக்கவும், கூட்டத்தில் வழி கேட்கவும் பயன்படுத்துவார்கள். அகராதியில் இரண்டுக்கும் எதிரே 'நன்றி' என்று மட்டும் கண்டவர் எதை எங்கே சொல்வது என்று எவ்வாறு அறிவார்? பொருள்களை எண்ணும்போது இடையே வரும் வகைச்சொற்களும் இவ்வாறே; நாய்க்கு ஒன்று, புத்தகத்துக்கு வேறொன்று, மீன், பாம்பு, ஆறு, சாலை முதலிய நீண்ட பொருள்களுக்கெல்லாம் மற்றொன்று.

வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைச்சொற்களையோ வாக்கியமின்றிக் காண்பதற்கே இல்லை. 'க்ஹொய்5 ஹை6 ஹோக்6 ஸாங்1' என்றால் 'அவன் மாணவன்'. இதன் இறுதியில் மே1 என்று சேர்த்தால், 'மாணவனா, அவனா!' என்னும் வியப்பு. குவா3 சேர்த்தால் 'மாணவன் போலும்' என்னும் ஊகம். வோ5 சேர்த்தால் 'மாணவனாம்' என்று பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லுதல். குரலின் ஏற்றத்தாழ்வு முழுவதும் சொற்பொருளுக்கே செலவாகிவிட்டதனால், நாம் குரலை ஆட்டிக் காட்டும் உணர்ச்சிகளில் பலவற்றை அவர்கள் தனித்தனி அசைகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியத்தால் விரித்துரைக்க வேண்டிய அந்த வோ5-ஐ, தமிழ் 'ஆம்' என்னும் ஓர் இடைச்சொல்லால் பெயர்த்துவிடுகிறது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

ஆயினும் எந்த வாக்கியமும் எடுத்துக்காட்டாகிவிடாது என்பதை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. ஹாங்காங் பத்திரிகைகளின் எழுத்து நடை பொதுச்சீன நடை. பேச்சு நடை வேறு. 'அவன்' என்பதற்கு ஏட்டில் த்ஹா1 என்னும் எழுத்து இருக்கும், வாயில் க்ஹொய்5 வரும். 'ஆகும்' என்பதற்கு ஏட்டில் ஸீ6, வாயில் ஹை6. 'அல்ல' என்பதற்கு ஏட்டில் பத்1, வாயில் நாம் முதலிற் கண்ட ம்4. ஏட்டு வாக்கியத்தைக் காண்டனீஸ் உச்சாரணத்தில் படிப்பது பாவமன்று. பள்ளிக்கூடங்களில் நாள்தோறும் அதுவே நடக்கிறது. ஆனால் அதைப் பேச்சு என்று நம்பிக் கடைவீதியில் பிரயோகிப்பவர், மாட்டுத்தாவணியில் நின்று செந்தமிழில் கத்திரிக்காய் விலை பேசுபவரைப் போலாவார். பேச்சு வாக்கியத்தின் தேவையை முன்னோர் அறிந்தே இருந்தனர். ராபர்ட் மாரிசன் என்னும் பாதிரியார் 1828-இல் மக்காவில் அச்சிட்ட காண்டன் பேச்சு அகராதியின் ஒரு பகுதியையே சொற்றொடர்களுக்கு ஒதுக்கினார். 1841-இல் பிரிட்ஜ்மன் என்பவர் வெளியிட்ட காண்டன் பேச்சுத் தொகுதி ஆங்கில வாக்கியம், சீன எழுத்து, உச்சாரணம் என்று மூன்று பத்திகளாக ஓடுகிறது. தொனியை ஐந்து படிகளால் அளக்கும் குறியீட்டை 1930-இல் வகுத்தவரும், இசையமைப்பில் வல்லவருமான யுவான் ரென் சாவ், 1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்த தமது காண்டனீஸ் பாலபாடத்தைப் பேச்சு மொழியிலேயே அமைத்தார்.

அந்நாட்டாரே தனியசையை நம்புவதில்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்லுகிறேன். வொங்4 என்னும் ஒலியில் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு; ஒன்றின் எழுத்துக்கு மஞ்சள் என்று பொருள், மற்றதற்கு அரசன் என்று பொருள். தொனியும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆகையால் பெயரைக் கேட்டால், முன்னவர் தம்மைப் 'பெருவயிற்று வொங்' என்றும், பின்னவர் தம்மை 'மூன்று கோட்டு வொங்' என்றும், எழுத்தின் வடிவத்தைக் கொண்டு தெளிவுபடுத்துவர். முன்னவருடைய வயிறு ஒட்டியிருந்தாலும் பெயர் அதுவே.

கோழி வாங்கும் வாக்கியத்தை இதற்குள் வாசகர் இரண்டொரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். சந்தைக்குப் போகிறவருக்கு விலை கேட்கவும் தெரிந்திருக்க வேண்டுமாகையால் அதையும் சொல்லிவிடுகிறேன்: 'கெய்2 தோ1 ச்ஹின்2 ஆ3?' எவ்வளவு பணம் என்பது பொருள். பணத்தைக் குறிக்கும் ச்ஹின் என்னும் அசைக்கு அகராதி கொடுக்கும் தொனி நான்கு. இந்த வாக்கியத்தில் அது இரண்டு.